சனிக்கிழமைக் காசு

2024 நவம்பர் 16, சனிக்கிழமை மாலை, திருப்பூர் நெருப்பெரிச்சலில் சண்முகவேல் வீட்டின் முன் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள்.

"ஊட்டுக்குள்ள ஒளிஞ்சுட்டா உட்ருவமா? வெளிய வாடா!"

குரலிலேயே ஆள் தெரிந்தது. பொங்கியண்ணன். பனியன் கம்பெனியில் சண்முகவேலுடன் ஒரே கட்டிங் டேபிளில் எதிரெதிரே நின்றவர். பெற்ற பிள்ளையையே 'வாங்க கண்ணு' என்று கூப்பிடுகிற மனிதர்.

"தொறக்காதீங்க," என்றாள் மனைவி சித்ராதேவி. "ஷேர் ஆபீஸ் சமாசாரம் நமக்கு வேண்டாமுன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

அவர் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

மூன்று வருடம் முன்பு வீரபாண்டியில் நூல் கடை மாடியில் திறந்த ஆபீஸ் அது. பங்குச் சந்தை லாபம் என்று சனிக்கிழமைதோறும் காசு வந்தது. கம்பெனிகளில் சம்பளம் போடும் நாள். சம்பளத்தோடு சேர்ந்து வருவதைத் திருப்பூரில் யார் சந்தேகப்படுவார்கள்? தீபாவளி போனஸ் போனது. தாலிக்கொடி அடகுக்குப் போனது. ஆபீஸ் வாசலில் வெள்ளைக் கார் நின்றது. போன திங்கட்கிழமை போலீஸ் சீல் வைத்தது. ஆபீஸ் ஒரு பங்குகூட வாங்கியிருக்கவில்லை. ஒருவர் போனஸ்தான் இன்னொருவருக்கு லாபமாகப் போயிருந்தது.

சன்னல் கண்ணாடி நொறுங்கியது.

"எம் மவ கல்யாணக் காசுய்யா!" தெற்கத்திக்காரி, டெய்லர் கருத்தம்மா. "வாரா வாரம் வந்த காசு உன்னாலதான நின்னுச்சு! நீ வெளங்குவியா?"

"அக்கா, எங்கிட்ட என்னங்க இருக்குது?" என்றார் சண்முகவேல்.

"பண்றதையும் பண்ணிப்போட்டு அக்காவாம், நொக்கா!" என்றது கூட்டம்.

பின்வாசலில் ஏட்டு வந்து நின்றார். "ஸ்டேஷனுக்கு வாங்க. எழுதிக் குடுத்துட்டா கலைஞ்சுருவாங்க."

"எழுதிக் குடுத்தா இவங்களுக்குக் காசு வந்துருமுங்களா சார்?"

"அது தெரியாது. உங்க உசுரு மிஞ்சும்."

ஜீப்பில் ஏறும்போது தோளில் செருப்பு விழுந்தது. ஸ்டேஷனில் சண்முகவேல் கையெழுத்துப் போட்டார். வெளியே கைதட்டல் கேட்டது.

சீல் வைத்த அன்றே கைதாகியிருந்த ஷேர் ஆபீஸ் முதலாளி அருள்குமார் மேல், போட்ட பணத்தைத் திருப்பித் தர மறுத்ததற்காக சண்முகவேல் மட்டும் கொடுத்திருந்த ஒரே புகார் வாபஸ் ஆனது.

செவ்வாய்க்கிழமை ஜாமீனில் வந்த அருள்குமாருக்குப் பொங்கியண்ணன் மாலை போட்டார், கருத்தம்மா ஆரத்தி எடுத்தாள். வியாழக்கிழமையிலிருந்து அருள்குமாரின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கிறது.