பத்தில் ஒன்று

மேனேஜர் பத்மநாபனுக்குச் சொற்கள் என்றால் உயிர். பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் ஆட்களை நீக்கச் சொல்லி மேலிடம் அனுப்பிய மின்னஞ்சலில் இருந்த 'டெசிமேட்' என்ற ஆங்கிலச் சொல்லை மிட்டாய் போல நாக்கில் உருட்டிச் சுவைத்தார்.

“லத்தீன்லேர்ந்து வந்தது. பத்துல ஒண்ணை எடுக்கறதுன்னு அர்த்தம். பயந்து ஓடின ரோமப் படையைப் பத்துப் பத்தாப் பிரிச்சு சீட்டுக் குலுக்குவாங்க. யாருக்கு விழுதோ, அவனை மத்த ஒன்பது பேரும் தடியால அடிச்சே கொல்லணும். நாம என்ன காட்டுமிராண்டியா? சீட்டு விழுந்தவங்க மேல ஆளுக்கு ஒரு குறை சொன்னாப் போதும். சொல்லாதவங்க அவங்க கூடவே கிளம்பலாம்.”

அவர் பிரிவின் பத்துப் பேருக்கும் குலுக்கியதில் சீட்டு மெர்லினுக்கு விழுந்திருந்தது. மேசையைச் சுற்றியிருந்த எட்டுப் பேர் சொல்லி முடித்துவிட்டார்கள். தாமதமாக வருகிறாள் என்றாள் ஒருத்தி. சாப்பாட்டில் கருவாட்டு நாற்றம் என்றான் ஒருவன். நேற்று அதில் பாதியைத் தின்றவன் அவன்தான். மிச்சமிருந்தது மெர்லினின் தோழி சுகந்தி மட்டும்.

“சொல்லித் தொலைடி,” என்றாள் மெர்லின். “வாயாடின்னு சொல்லு, பொய்யா என்ன? உன் வேலையாவது மிஞ்சட்டும்.”

சுகந்தி எழுந்து, சீட்டுகள் கிடந்த எவர்சில்வர் டப்பாவை மேனேஜர் முன்னால் கவிழ்த்தாள்.

“குறை ஒண்ணு இருக்கு சார். இதுல உங்க பேரைக் காணோம்.”

எட்டுத் தலைகளும் மெதுவாக அவர் பக்கம் திரும்பின. மேசைக் கோடியில் யாரோ தாளிலிருந்து ஒரு துண்டைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.