அரா

மலையில் பிறந்த மைனா ஒருத்தி சமவெளியின் ஆலமரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பாம்பை அவள் ‘அரா’ என்று சொன்ன அன்று மாமியார் கிளை கிளையாகப் போய்ச் சொல்லிச் சிரித்தாள். அதோடு அவள் மலைப்பேச்சையே விட்டுவிட்டாள். தன் இரண்டு குஞ்சுகளிடமும் சமவெளிப் பேச்சைத்தான் பேசினாள்.

குஞ்சுகள் பறக்கப் பழகிவிட்ட சமயம், கடற்கரை மைனா ஒருவன் களைப்பாறப் பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தான். அப்போது கூட்டுக்குப் பின்னால் பாம்பு தலை தூக்குவதை அவள் பார்த்தாள். பதற்றத்தில் அவள் வாயில் பிறந்த வீட்டுச் சொல்தான் வந்தது.

“அரா! அரா!”

கடற்கரைக்காரன் விருட்டென்று மேலே பறந்துவிட்டான். குஞ்சுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

“அப்படின்னா என்னம்மா?” என்று பெரியது கேட்டது.

அவள் பாய்ந்து பாய்ந்து கொத்தியும் பாம்பு இரண்டையும் விழுங்கிவிட்டுத்தான் போனது.

கடற்கரைக்காரன் தயங்கித் தயங்கி இறங்கி வந்தான். “எங்க கரையிலயும் அதுக்கு அராதான், தங்கச்சி. இந்தப் பிள்ளைங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?”

அவள் வாய் திறப்பதற்குள் மாமியார் அலறிக்கொண்டு வந்தாள்.

“பாவி, பாம்புன்னு ஒரு வார்த்தை கத்தத் தெரியலையா உனக்கு?”