லாலி குடும்பத்துப் பெயர்

"இன்னொரு தரம் படிம்மா" என்றார் ழான்-லூக். கோபத்தில் காது மடல் வரை சூடேறியிருந்தது அவருக்கு.

பாரீஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் போன் கார்டும் விமான டிக்கெட்டும் விற்கிற சின்னக் கடை அது. கேட்டால் கடிதமும் எழுதித் தருவார்கள். அங்கே வேலை செய்கிற சிவாஜினி லண்டனில் படித்தவள், இங்கிலீஷ் நன்றாக எழுதுவாள் என்று சொல்லி அனுப்பியது அவர் மனைவி பிலோமினா.

சிவாஜினி அந்த இங்கிலீஷ் கடிதத்தை மறுபடி தமிழில் சொன்னாள். "உங்கட கடிதமும் படமும் கிடைச்சது. எங்கட ஒன்றுகூடல் லாலி குடும்ப வழியில வந்த ஆக்களுக்கு மட்டும்தான். உங்கட பேரும் எங்கட பேரும் ஒண்டா இருக்கிறது தற்செயலா இருக்கும். நன்றி. அவ்வளவுதான் ஐயா."

"தற்செயலாம்! என் போட்டோவைப் பார்த்த பிறகுதான் தற்செயல் ஆயிடுச்சா? அதுக்கு முன்னாடி 'அன்புள்ள உறவினருக்கு'ன்னு யார் எழுதினா? நானா எழுதினேன்?"

நியாயமான கேள்விதான். 2013 மே மாதம், அயர்லாந்தில் லாலி என்ற குடும்பப் பெயர் கொண்ட சிலர், உலகத்தில் அந்தப் பெயருள்ள எல்லாரையும் கூட்டி விருந்து வைப்பதாகத் தீர்மானித்தார்கள். பாரீஸ் டெலிபோன் டைரக்டரியில் 'லாலி, ழான்-லூக்' கிடைத்தது. அழைப்பு வந்தது. வரி அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ழான்-லூக், பிரெஞ்சில் இரண்டு பக்கம் நன்றி எழுதி, கோட்டு சூட்டோடு எடுத்த போட்டோவையும் வைத்து அனுப்பினார். புதுச் சப்பாத்துகூட வாங்கிவிட்டார்.

அதற்கு வந்த பதில்தான் இது.

"அந்தப் பேர் உங்களுக்கு எப்பிடி வந்தது ஐயா?" என்று கேட்டாள் சிவாஜினி.

"தாலாட்டுப் பாட்டுன்னு நினைச்சுக்காத. அயர்லாந்துப் பேரு. ஆதியில ஓ மல்லாலி. அப்புறம் மல்லாலி, அப்புறம் லாலி. எழுத்தை ஆளுக்கு ஒரு மாதிரி போடுவாங்க. அந்த வம்சத்துல ஒருத்தர் பிரெஞ்சுப் பட்டாளத்துல ஜெனரலாகி எங்க பாண்டிச்சேரிக்கு வந்தார். இங்கிலீஷ்காரன்கிட்ட ஊரைத் தோத்துட்டார். துரோகின்னு சொல்லி இதே பாரீஸ்ல வெச்சு அவர் தலையை வெட்டிட்டாங்க."

"அவர் உங்கட சொந்தமோ?"

"சொந்தம் இல்ல. பாண்டிச்சேரில நம்ம சாதி வழக்கத்தை விட்டுட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு மாறினவங்க ஒரு குடும்பப் பேர் எழுதித் தரணும்னு 1881ல சொன்னாங்க. எங்க கொள்ளுத்தாத்தா குடியிருந்த தெருவுக்கு ஜெனரல் பேரு. அதையே எழுதிக் கொடுத்துட்டார். அன்னையிலேர்ந்து நாங்க பிரெஞ்சுக்காரங்க. உங்களை மாதிரி அகதின்னு கேஸ் போட்டு பேப்பர் வாங்கினவங்க இல்ல."

சிவாஜினி கீபோர்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். "சொல்லுங்கோ, எழுதுறன்."

"எழுது. பேரைப் பார்த்து உறவுன்னு கூப்பிட்டீங்க. முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திட்டீங்க. வெட்கமா இல்லையா?"

"வெட்கமா இல்லையோ எண்டதையும் போடவோ?"

"பெரிய எழுத்துல போடு! நாலு தலைமுறை கௌரவமா சுமந்த பேரை, நீ யாருய்யா எனக்கு இல்லேங்கிறதுக்கு? ரத்தமாம் ரத்தம்! அந்த ஜெனரலோட மகன் கதை தெரியுமா இவனுங்களுக்கு? கல்யாணம் ஆகாம பொறந்த பிள்ளை. அப்பனை வெட்டின அன்னைக்குத்தான் அப்பன் யாருன்னே அவனுக்குத் தெரிஞ்சுதாம். அவன்தான் வருஷக்கணக்கா வழக்காடி அப்பன் பேர்ல இருந்த களங்கத்தைத் துடைச்சான். அதையும் எழுது."

அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. "கல்யாணம் கட்டாமல் பிறந்த பிள்ளை எண்டும் எழுதவோ ஐயா?"

"எழுதும்மா! அதுல என்ன தப்பு? பொறந்த பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் எழுதினாள். ஒரு வார்த்தை விடவில்லை. எழுதி முடித்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். கேட்கக் கேட்க ழான்-லூக்குக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மனதில் இருந்தது மொத்தமும் அப்படியே வந்திருந்தது. கெட்டிக்காரப் பெண்.

இரண்டு பிரதி எடுத்து நீட்டினாள். இரண்டிலும், பேனா தாளைக் கிழிக்காத குறையாக, கையெழுத்துப் போட்டார். ஒன்றை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். மற்றதை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"அது எனக்கில்லையா?"

"இது என்ர மகனுக்கு ஐயா. இப்ப ஏழு மாசம். வளர்ந்தாப் பிறகு வாசிக்கட்டும்."

ழான்-லூக் சிரித்துவிட்டார். "என் கடுதாசி உன் பிள்ளைக்கு எதுக்கும்மா?"

சிவாஜினி நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவன்ர தேப்பன் உங்கட மகன் லூடோவிக். 'கோயில்ல கல்யாணம் ஆகாம, ஒரு அகதிப் பொண்ணுக்குப் பொறந்ததுக்கு எங்க பேர் கிடையாது' எண்டு நீங்கள் ரெலிபோனிலை கத்தினபோது, அவருக்குப் பக்கத்திலை பிள்ளையைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டது நான்தான் ஐயா."