அமெரிக்காவுக்குப் போகாத கடிதம்

கார்பன் தாள் தேடி டைப்பிஸ்ட் பொற்கொடியின் மேஜை டிராயரைத் திறந்த இயற்பியல் பேராசிரியர் வரதராஜுலு, அப்படியே நின்றுவிட்டார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அமெரிக்காவுக்கு அனுப்பச் சொல்லி அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம், மடிப்புக் கலையாமல் உள்ளே கிடந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லூரி முதல்வரின் அறைக்குப் போனார்.

கொட்டாங்குச்சியைச் சுட்டு எடுக்கும் தேங்காய்த் தொட்டிக் கரியில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று ஆறு வருஷம் ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரையை, அமெரிக்க இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டிருந்தது. கூடவே ஒரு படிவம் வந்தது. அச்சிட அறுநூறு டாலர் கட்டணமாம். அவருடைய நாலு மாதச் சம்பளம்!

அறிவுக்கு விலை கேட்பவர்களுக்கு என் கட்டுரை கிடையாது, திருப்பி அனுப்புங்கள் என்று அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதிய கடிதம் அது. படிவத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லியிருந்தார். பதிலே வராததால், தன் கடிதத்தைப் படித்து வெள்ளைக்காரன் வெட்கித் தலைகுனிந்துவிட்டான் என்று பொள்ளாச்சி சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாயிற்று.

"இந்த அம்மணிக்கு மெமோ கொடுத்தே ஆகணுமுங்க" என்றார் முதல்வரிடம்.

பொற்கொடியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அன்றைய தபாலோடு வந்தவள், தடித்த கவர் ஒன்றை வரதராஜுலுவிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தானுங்க சார்."

பிரித்தார். அந்த அமெரிக்க இதழ். நடுப்பக்கத்தில் அவர் பெயரும் கல்லூரிப் பெயருமாக, தேங்காய்த் தொட்டிக் கரி.

வரதராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் பெயர்தான்.

பணம் யார் கட்டியது என்று முதல்வர் கேட்டார்.

"யாரும் கட்டலீங்க. கட்ட முடியாதவங்க இந்தக் கட்டத்துல டிக் போடுங்க, கட்டுரை எப்படியும் வரும்னு படிவத்துலயே அச்சடிச்சிருந்ததுங்க. டிக் போட்டு, படிவத்தை மட்டும் அனுப்பிச்சுப்போட்டேனுங்க."

"அதை அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அம்மணி?" வரதராஜுலுவின் குரல் இறங்கியிருந்தது.

பொற்கொடி தயங்கினாள்.

"படிவத்தை மூணு தடவை படிச்சுப் பார்த்துட்டேன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க சார். அந்தக் கட்டம் பின்பக்கம் இருக்குதுன்னு நான் எப்படிங்க சொல்றது?"