முன்கைக் கோலம்

"ஊசியைப் பாக்காத மக்கா, எம் மூஞ்சியைப் பாரு," என்றாள் சிவகாமியம்மாள்.

உலகம்மை மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அதற்கு ஊசியே தேவலை என்று தோன்றியது. கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்த இந்த ஒரு மாதத்தில், அந்த முகம் சிரித்து அவள் பார்த்ததில்லை.

கிழக்கேகோட்டை வாசலில் கடை பரப்பியிருக்கும் பிச்சம்மாளை மாமியாரே போய்க் கூட்டி வந்திருந்தாள். பச்சை குத்துவதில் பேர்போனவள். புறவாசலில் பாயை விரித்து, சிரட்டையில் மையைக் குழைத்து வைத்துவிட்டு, மூன்று ஊசிகளைச் சேர்த்து நூலால் கட்டிக்கொண்டிருந்தாள். உலகம்மை பாயின் ஓரத்துக்கு நகர்ந்தாள். அம்மை குத்த ஆள் வந்த அன்று வைக்கோல் படப்புக்குள் ஒளிந்துகொண்டு ஊரையே தேட வைத்தவள் அவள்.

"அத்தை, காலம் மாறிட்டு, மகாராஜாவே ராஜ்யம் போயி ராஜப்பிரமுகர் ஆயிட்டாரு. இன்னுமா பச்சை குத்தணும்?"

"அவரு என்னவும் ஆகட்டும். நம்ம வீட்டுல பச்சை குத்தாத கை படையல் சோறு வடிக்கப்பிடாது. வெள்ளிக்கிழமை தோவாளைக்காரி வருகா. உன் கையைப் புரட்டிப் பாத்துட்டுத்தான் செம்புத் தண்ணியே வாங்குவா."

தோவாளைக்காரி என்பது மாமனாரின் அக்கா. வெறுங்கையோடு நின்றாள் என்பதற்காக இதே குடும்பத்தில் ஒரு மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்ப வைத்த புண்ணியவதி. போன பெண் இன்னும் திரும்பவில்லை. உலகம்மை அந்தக் கதையை வந்த அன்றே கேட்டுவிட்டாள்.

அவளுடைய புருஷன் கோலப்பனோ, கடையில் சரக்கு வந்திருக்கிறது என்று சொல்லிக் காலையிலேயே சாலைத் தெருவுக்கு நழுவிவிட்டான். ஆம்பிளைகளுக்கு என்ன, ஓடி ஒளிய ஒரு கடை இருக்கிறது.

"நீங்க குத்திக்கிட்டப்போ அழுதீங்களா அத்தை?"

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடல." மாமியார் வலது முன்கையைத் திருப்பிக் காட்டினாள். இழை பிசகாத கோலம். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அம்புட்டுத்தான்."

இருந்திருப்பாள், கல்நெஞ்சுக்காரி. மருமகள் வந்த நாளிலிருந்து ஒரு பாத்திரம் கழுவியதில்லை, ஒரு குடம் தண்ணீர் கோரியதில்லை. எல்லாம் ஏவல்தான். இவளுக்கெல்லாம் வலி எங்கே தெரியப்போகிறது என்று உலகம்மை மனசுக்குள் பொருமினாள்.

பிச்சம்மாள் ஈர்க்குச்சியால் மையைத் தொட்டுக் கோலத்தை வரைந்தாள். அதுவரைக்கும் வெறும் கூச்சம்தான். பிறகு ஊசி இறங்கியது.

"அய்யோ, வேண்டாம். நான் எங்க ஊருக்கே போயிருதேன்."

"பாதியில எந்திரிச்சா பாதிக் கோலம்தான் கையில கெடக்கும். அது வெறுங்கையைவிடக் கேவலம்லா. இரு மக்கா. மூச்சை அடக்காத, விட்டுரு. ஆமா, உங்க வீட்டுல மாடு நிக்கா?"

"நிக்கி."

"என்ன நிறம்?"

"செவலை. அம்மா, வலிக்கே!"

"கரையாத மோளே, அழாத, இப்பம் தீரும்," என்று பாதி மலையாளத்தில் சொல்லிவிட்டுப் பிச்சம்மாள் மூக்கால் ஒரு பாட்டை இழுத்தாள். பாட்டு அது பாட்டுக்குப் போயிற்று. ஊசி அது பாட்டுக்குக் குத்திற்று.

உலகம்மைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதையாவது பிடித்துக்கொண்டால் போதும் என்று இடது கையை நீட்டி மாமியாரின் முன்கையைப் பற்றினாள்.

"கையை விடு. தோளைப் பிடிச்சுக்கோ." சிவகாமியம்மாள் சடக்கென்று கையை உருவிக்கொண்டாள்.

பிடித்துக்கொள்ளக் கையைக்கூடத் தரமாட்டாளாம். ஊசியைப் பொறுத்த உலகம்மைக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. தாயை நினைத்து விம்மி விம்மி அழுதாள்.

என்ன நினைத்தாளோ, மாமியார் அந்தக் கையைத் தானாகவே நீட்டினாள். "சரி, பிடி. நல்லா அமுக்கிப் பிடி. எனக்கு ஒண்ணும் ஆகாது."

உலகம்மை இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு பிடித்தாள். ஒவ்வொரு குத்துக்கும் அந்தக் கையைப் பிசைந்தாள். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. காதருகே மாமியாரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அதுவும் கொஞ்சம் நடுங்கியது.

"ஒரு நாளு வலி மக்கா. குத்தாம இருந்தா தெனமும் பயந்து சாகணும். அந்தப் பாடு உனக்கு வேண்டாம்."

ஒருவழியாக ஊசி ஓய்ந்தது. பிச்சம்மாள் மஞ்சளை அப்பி, "தீர்ந்து மோளே, நல்லா பதிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, முறத்தில் வைத்திருந்த அரிசியையும் வெற்றிலையையும் வாங்கிக்கொண்டு போனாள்.

இனி வெள்ளிக்கிழமை வந்தால் வரட்டும். உலகம்மை கண்ணைத் துடைக்க இடது கையைத் தூக்கினாள்.

உள்ளங்கை முழுக்க நீலமும் கறுப்புமாகப் பேனா மை. திடுக்கிட்டு மாமியாரைப் பார்த்தாள். முன்கையில் கோலம் இருந்த இடத்தில் வேர்வையில் குழம்பிய ஒரு தீற்றல். அதற்கு அடியில், ஊசிமுனைகூடப் படாத வழவழப்பான தோல்.

"தோவாளைக்காரிக்குத் தெரியாது, உங்க மாமாவுக்கே தெரியாது." சிவகாமியம்மாள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். "எனக்கு ஊசின்னா உயிரே போயிரும் மக்கா."