கைராசிக்காரர்

கோவில்பட்டி கிளினிக்கில் நோயைக் கண்டுபிடிப்பதும் மாத்திரை கொடுப்பதும் வாசலில் நிற்கும் இயந்திரத்தின் வேலை. டாக்டர் செண்பகவல்லிக்கு மிஞ்சியது கைராசி மட்டும்தான். அவர் கைபட்டால் சளியும் காய்ச்சலும் இரண்டு நாள் முன்னதாகவே விட்டுவிடுகின்றன என்று இயந்திரமே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தது. அதனால் அது அச்சடித்துத் தரும் எல்லாச் சீட்டிலும் கடைசி வரி, அவரைப் பார்க்கச் சொல்லி அவர் பெயர்தான். வருகிறவர்களின் மணிக்கட்டைப் பிடித்து, "ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்" என்பார். என்ன நோய் என்று அவருக்குக் காட்டுவதில்லை. தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடுமாம். "நெசமாவா டாக்டரம்மா?" என்று யாராவது கேட்டால் மணியை அடிப்பார். அடுத்த ஆள் வந்துவிடுவார்.

ஒன்பது நாளாக அவருக்கே காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தது. பத்தாம் நாள் காலையில், வேலை தொடங்குமுன் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றுவிட்டு வந்தார். சற்று நேரத்தில் கம்பவுண்டர் ஜெபமணி சீட்டோடு வந்தார். கையிலிருந்த மாத்திரைப் பொட்டலம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"மேடம், உங்களைப் பாக்கச் சொல்லி எழுதியிருக்கு."

"என்ன நோயாம்?"

"டாக்டருக்குக் காட்டக் கூடாதுல்ல மேடம்" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

செண்பகவல்லி வலது கையால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்தார். அனலாகக் கொதித்தது.

"ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்."

"நெசமாவா டாக்டரம்மா?" என்று அவர் வாயே கேட்டது.

கை பழக்கத்தில் மணியை அடித்தது. அடுத்த ஆள் உள்ளே வந்தார்.