எதிர்மாடிக்காரன்

“அந்த எதிர்மாடிக்காரனைப் பாருங்க. பொண்டாட்டி பக்கத்துல எப்படி நிக்கிறான்! அவன் ஆம்பளை.”

சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. ஷூவுக்குள் ஒரு காலை நுழைத்திருந்த வலைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி எந்த ஆம்பளையையும் இப்படி வாய் நிறையப் புகழ்ந்தது கிடையாது.

ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தார்.

அகலமான சாலைக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடம். அதன் உச்சி மாடி விளிம்பில் சுள்ளியும் அறுந்த ஒயருமாகச் சேர்த்துக் கட்டிய கூடு. கூட்டில் ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது. அதன் சிறகுக்கடியில் பஞ்சுருண்டை மாதிரி குஞ்சுகளின் தலைகள். பக்கத்துச் சுவர் முனையில் நெஞ்சை நிமிர்த்தி இன்னொரு பருந்து நின்றது.

“ஓ, அவனா?” என்று மூச்சு விட்டார். “அடியே, அது வந்து...”

“வாயைத் திறக்காதீங்க. நாம இந்த வீட்டுக்குக் குடி வந்ததுலேருந்து பாக்குறேன். வெயிலோ மழையோ, பொண்டாட்டி புள்ளைங்களை விட்டு ஓரடி நகரலை. நேத்து அந்தப் பேய்மழையில ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கணுமே? ம்ஹூம். காவல்னா அது காவல்!”

“அதில்லடி, நான் சொல்றதை...”

“என்னத்தைச் சொல்வீங்க? நாளைக்கும் வேலைன்னுதானே?”

அவர் உண்மையில் அதைத்தான் அடுத்ததாகச் சொல்ல இருந்தார்.

மாடிகளில் புறா அடையாமல் வலை கட்டுவது அவர் தொழில். கயிற்றில் தொங்கிக்கொண்டு செய்கிற வேலை. அலுவலகங்களில் ஆளில்லாத நாளில்தான் ஜன்னலைத் திறந்து விடுவார்கள் என்பதால், ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவருக்கு மட்டும் வேலை. மற்ற நாட்களில் வீடுகளின் பால்கனிகள் இருக்கவே இருக்கின்றன.

அப்போது எங்கிருந்தோ மூன்றாவதாக ஒரு பருந்து வந்தது. ஒல்லி உடம்பு, வால் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. காலில் கொண்டுவந்த எலியைக் கூட்டுக்குள் போட்டது. உட்காரக்கூட இல்லை, வந்த வேகத்தில் பறந்துவிட்டது.

“இது யாரு?” என்றார் வலைக்காரர்.

“அவ தம்பியா இருக்கும். குஞ்சுகளுக்குத் தாய்மாமன். வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. உங்களுக்கு ஏத்த ஜோடி!”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“போன வாரம் பாப்பா உங்களைப் பாத்துட்டு, ‘யாரோ வந்திருக்காங்கம்மா’ன்னு எங்கிட்ட வந்து சொல்லுது. நாளைக்கு ஒரு நாள் நீங்க வீட்டுல இருக்கணும். இல்லேன்னா புள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். போனா போனதுதான்.”

சும்மா சொல்லவில்லை. கதவோரத்தில் பை கட்டியே வைத்திருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிந்ததும் போன் வந்தது. “அரை நாள் வேலைதான், வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு, மனைவி முகத்தைப் பார்க்காமலே அவர் கிளம்பிப் போனார்.

அவள் குழந்தையைக் குளிப்பாட்டினாள், உடுத்தினாள், பையைத் தோளில் மாட்டினாள். போவதற்கு முன் அந்தக் குடும்பத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று ஜன்னலுக்குப் போனாள்.

சுவர் முனை காலியாகக் கிடந்தது. கூட்டுக்காரி மட்டும் வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

இவளும் காத்திருந்தாள். அவன் வரவில்லை. பை தோளில் தொங்கத் தொங்க அந்த ஜன்னலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் வலைக்காரர் வந்தார். சட்டை தோள்பட்டையில் கிழிந்திருந்தது, புறங்கையில் ரத்தக் கீறல். கையில் ஒரு சாக்கு.

அவள் எதையும் கவனிக்கவில்லை. “அவன் போயிட்டான்! அப்படி நின்னவனே புள்ளைகுட்டியை விட்டுட்டுப் போயிட்டான்னா, இனி யாரைத்தான் நம்புறது?”

“எங்கேயும் போகலை. நம்ம வீட்டுக்குத்தான் வந்திருக்கான்.”

சாக்குக்குள் கையை விட்டு, அவனை எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். நெஞ்சு நிமிர்ந்தபடியே இருந்தது. கம்பீரம் கொஞ்சமும் குறையவில்லை.

அவள் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தாள். அது அசையாததைப் பார்த்து மெல்ல வந்து, விரலால் தலையில் தட்டினாள். டொக்கென்றது. காலடியில் ஸ்க்ரூ ஓட்டைகள்.

“பிளாஸ்டிக்கு” என்றார் வலைக்காரர். “புறாவை விரட்டுறதுக்கு நான்தான் முடுக்கி வெச்சேன், நாம இங்கே வர்றதுக்கு முன்னாடி. புறா எங்கே பயந்துச்சு, இவன் தலையிலயே ஏறி உக்காந்துச்சு. இப்போ நிஜப் பருந்தே குடி வந்தாச்சு, புறா ஒண்ணையும் காணோம். ‘ஒரிஜினல் இருக்கிறப்போ டூப்ளிகேட் எதுக்கு, கழட்டு’ன்னு காலையில அந்த ஆபீஸ்காரங்க போன் பண்ணிட்டாங்க. கழட்டப் போனா தாய்க்காரி என் தோளைப் பிச்சுட்டா.”

“முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?”

“நீ எங்கே வாயைத் திறக்க விட்டே?”

அவளுக்குக் கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. நாற்காலியில் இருந்தவனையும் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியேயும் பார்த்தாள்.

“அப்போ, அந்தக் குஞ்சுங்களுக்கு அப்பன்னு ஒருத்தன் இல்லவே இல்லையா?”

எதிர்மாடியில் அந்த ஒல்லிப் பருந்து வந்து இறங்கியது. கொண்டுவந்ததைக் கூட்டில் போட்டது, உட்காராமல் மறுபடி சிறகை விரித்தது. வலைக்காரர் கீறல் பட்ட கையை நீட்டிக் காட்டினார்.

“அதோ போறான் பாரு, வேலைக்கு.”